முதலில் கேமரா வாங்குவதா, உதவியாளராகச் சேர்வதா? (ஃப்ரீலான்ஸ் ஒளிப்பதிவு)

4 மார்ச் 2023, கேள்வி

அக்கா, நான் திண்டுக்கல். பி.இ. முடிச்சு சென்னையில ஐ.டி. வேலை. கையில நாலு லட்சம் சேர்ந்திருக்கு. சோனி எஃப்.எக்ஸ்.3 வாங்கிட்டு, வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸா இறங்கலாம்னு இருக்கேன். வீட்ல சினிமாப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு திட்டுறாங்க. உண்மையைச் சொன்னா அந்தப் பைத்தியம்கூட எனக்கு முழுசா இல்ல. கேமராவைப் பிடிச்சா நேரம் போறது தெரியாது, அவ்வளவுதான். இது போதுமா?

4 மார்ச் 2023, இரவு

வாங்காதே. வேலையையும் இப்போதைக்கு விடாதே. மிச்சம் நாளைக்கு. விடிகாலை ஐந்து மணிக்கு ஷூட்டிங் வண்டி வருகிறது.

5 மார்ச் 2023

வண்டி வந்துவிட்டது, நடிகர் வரவில்லை. அதனால் எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

எஃப்.எக்ஸ்.3 நல்ல கேமரா, அதில் எனக்குச் சண்டை இல்லை. பாடி மட்டுமே உன் சேமிப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதற்கு மேல் லென்ஸ், கார்டு, பேட்டரி, ட்ரைபாட், ஃபில்டர். உன் நாலு லட்சம் பாதி வழியிலேயே இறங்கிவிடும். சாலிகிராமம், வடபழனி, வளசரவாக்கம் பக்கம் வந்து பார், எத்தனை வாடகைக் கடைகள் என்று. சில ஆயிரங்களுக்கு ஒரு நாள் அதே கேமரா கிடைக்கிறது. அந்த வாடகையும் தயாரிப்பாளர் தர வேண்டியது, உன் கையிலிருந்து போவதில்லை.

பெரிய சிக்கல் வேறு. கேமரா வைத்திருக்கும் பையன் என்று ஒரு முறை பெயர் வாங்கிவிட்டால், “தம்பி, கேமராவோட வந்துடுங்க, சேர்த்துப் பாத்துக்கலாம்” என்பார்கள். சேர்த்துப் பார்த்தால் கேமராவின் வாடகைதான் அதில் இருக்கும். உன் சம்பளம் இருக்காது.

கேனான் 5டி மார்க் 2 வந்தது 2008-இல். 35 மி.மீ. ஸ்டில் அளவுக்கு பெரிய சென்சார், பின்னணி அழகாகக் கலங்கிப் போகும். குறும்படம் எடுத்த கூட்டம் முழுக்க அதன் பின்னால் ஓடியது. ஒரே மூச்சில் 12 நிமிடத்துக்கு மேல் ஓடாது, நாலு ஜி.பி. ஆனதும் நின்றுவிடும். சினிமாவுக்கு வேண்டிய நொடிக்கு 24 ஃப்ரேமே 2010-இல் வந்த அப்டேட்டில்தான் கிடைத்தது. நகையை அடகு வைத்து அதை வாங்கியவர்கள் என் வட்டத்திலேயே உண்டு. இன்று அதை விற்கப் போனால் ஒரு நல்ல மொபைல்கூட வராது. அந்தக் காலத்தில் லைட் கற்றுக்கொண்டவர்களின் சரக்கு மட்டும் இன்னும் விலைபோகிறது.

நடிகர் வந்துவிட்டார்.

6 மார்ச் 2023

“சினிமாவைக் காதலிக்காதவன் இந்தப் பக்கமே வரக் கூடாது” என்று மேலே மதுரைக்கார நண்பர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் வந்தபோது எனக்கு அந்தக் காதல் இல்லை.

கோவில்பட்டியில் மாமாவுக்கு ஸ்டூடியோ. கல்யாண வீடியோவுக்கு லைட் பிடிக்க ஆள் வராத நாளில் என்னை நிற்க வைப்பார். கை வலிக்கும், சாப்பாடு நன்றாக இருக்கும். சென்னைக்கு வந்ததும் சினிமாவுக்காக இல்லை, ஒரு வாடகை யூனிட்டில் கேமரா அசிஸ்டன்ட் வேலைக்குத் தினப் பேட்டா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு. லென்ஸ் துடைத்தேன், பெட்டி தூக்கினேன், ஃபோகஸுக்காக டேப்பால் தூரம் அளந்தேன். எந்தப் படம், யார் இயக்குநர் என்றுகூடச் சில நாள் கேட்டதில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்னப் படம். ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்கிறார். உள்ளூர்க்காரர், நடிகை இல்லை. காலை பத்து மணி. தெரு முழுக்க வெயில், எதிர்வீடு வெள்ளைச் சுவர், எல்லாப் பக்கமும் வெளிச்சம் வந்து முகம் தட்டையாகக் கிடந்தது. லைட் போடுவார்கள் என்று நான் ஸ்டாண்டுக்கு வழிவிட்டு நின்றேன். லைட்மேன் அண்ணன் ஒருவர், ஐம்பது வயது தாண்டியவர், ஒளிப்பதிவாளர் தலையை அசைத்ததும் போய் ஒரு கறுப்புத் துணியைக் கம்பில் கட்டிப் பாட்டியின் இடப்பக்கம் சட்டகத்துக்கு வெளியே தொங்கவிட்டார். அவ்வளவுதான். மானிட்டரில் இடக் கன்னத்தில் வெளிச்சம் மெல்ல இறங்கியது. கண்ணுக்குக் கீழே சுருக்கம் எழுந்தது. பாம்படம் போட்டு வளர்த்த காது, நகை எப்போதோ போய்விட்டது, வெறும் தோல் வளையம் தோள்பட்டைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை நேரம் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் டேப்பைப் பிடித்து அந்தக் காதுக்கு இரண்டடி பக்கத்தில் நின்றும் பார்க்கவில்லை.

வெளிச்சத்தைக் கூட்டாமல் குறைத்து ஒரு முகத்தைக் கொண்டுவர முடியும் என்று யாரும் எனக்கு அதற்கு முன் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் படம் பார்க்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் மதுரைக்காரர் சொல்லும் அந்த நோய் வந்தது. ஆகவே தம்பி, “நேரம் போறது தெரியாது” என்கிறாயே, தாராளமாகப் போதும்.

6 மார்ச் 2023, இரவு

நோய் வந்ததற்கு அடையாளம்: ஊருக்குப் போய் அம்மாவோடு டி.வி.யில் படம் பார்க்கும்போது, “இந்த ரூமுக்கு ஜன்னல் இடது பக்கம், ஆனா வெளிச்சம் வலது பக்கத்திலேர்ந்து வருது பாரும்மா” என்றேன். அம்மா ரிமோட்டைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

7 மார்ச் 2023

மதுரைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, யோசித்தேன். சுப்ரதா மித்ரா சத்யஜித் ரேயின் முதல் படத்துக்கு ஒளிப்பதிவாளராக வந்தபோது இருபத்தொரு வயது. அதுவரை சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை, ஸ்டில் எடுத்தவர். திரைப்படப் பள்ளியும் இல்லை, குருவும் இல்லை. ஆனால் ழான் ரெனுவார் கல்கத்தா வந்து படம் எடுத்தபோது ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர், குறிப்பெடுத்தவர். அதைக் காதல் இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த ஆள் 1956-இல் செய்த காரியத்தைத்தான் இன்றும் எல்லா ஷூட்டிங்கிலும் செய்துகொண்டிருக்கிறோம். காசி வீடு ஒன்றை ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார்கள். நிஜ வீட்டு முற்றத்தில் வானத்திலிருந்து வெளிச்சம் நிழலே இல்லாமல் இறங்கும். ஸ்டூடியோ லைட்டை நேராக அடித்தால் ஒரு ஆளுக்கு நாலு நிழல். மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, லைட்டைக் கீழிருந்து துணியில் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் எடுத்தார். வெளிச்சத்தைத் திருப்பிவிட நம் பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடும் தெர்மாகோல் அந்தத் துணியின் பேரப்பிள்ளை.

11 மார்ச் 2023

“கல்யாண வீடியோவெல்லாம் ஒளிப்பதிவில் சேராது” என்று ஒருவர். கோபம் வருகிறது, இருந்தாலும் நிதானமாக எழுதுகிறேன்.

தாலி கட்டு எத்தனை நொடி? மூன்று முடிச்சுதான். ரீடேக் கிடையாது. ஓமப் புகை ஒரு பக்கம், சடங்கை முழுசாகப் பதிவு செய்யும் ட்ரடிஷனல் வீடியோக்காரரின் லைட் ஒரு பக்கம், மண்டபத்து டியூப் லைட் மேலே. மூன்றுக்கும் மூன்று நிறம். கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து அட்சதையோடு முன்னால் வரும், உன் சட்டகம் முழுக்கச் சித்தப்பாக்களின் முதுகு. இதில் பல வீடுகளில் மூன்றாம் முடிச்சை நாத்தனார் போடுவார். அவர் பெண்ணின் பின்னால் வந்து குனிவார். இது தெரியாத கேமராமேன் பின்பக்கம் போய் நின்றால் கிடைப்பது நாத்தனாரின் கொண்டை.

நான் செய்வது: முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அய்யரிடம் போய், யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள், நாத்தனார் எந்தப் பக்கமாக ஏறுவார் என்று கேட்டுக்கொள்வேன். நாத்தனாரையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன், “அக்கா, முடிச்சுப் போடும்போது தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுக்கோங்க” என்று. மேடைமேல் ஒரு கேமரா, மூலைவிட்டமாக. கீழே ஒன்று, ஸ்டூல் போட்டு உயரத்தில். இதற்கு சினிமா செட்டில் பெயர் பிளாக்கிங். அங்கே ஒரு காலை முழுக்க நேரம் தருவார்கள், இங்கே தர மாட்டார்கள்.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன். சுதந்திரமான குறும்படங்கள், ஆவணப்படங்கள் என்று நான் ஆசையாகச் செய்தவற்றுக்கெல்லாம் சோறு போட்டது தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள்தான். ஆடியிலும் மார்கழியிலும் கை காயும். அந்த மாதங்களுக்கு இப்போதே எடுத்து வை.

12 மார்ச் 2023

படிப்பு பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் போ. பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர்தான். அரசுக் கட்டணத்தில் அங்கே கேமராவைத் தொட்டுப் பழகலாம். புனேயில் இருக்கும் திரைப்படக் கல்லூரியும் அப்படியே. மட்டக்களப்பிலிருந்து கிளம்பி வந்து புனேயில் ஒளிப்பதிவு படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர் பாலு மகேந்திரா. சேர்வது கஷ்டம், நுழைவுத் தேர்வு இருக்கிறது. தனியாரில் லட்சக்கணக்கில் கட்டி நாலு மாதச் சான்றிதழ் வாங்குவதாக இருந்தால், அந்தப் பணத்தில் வீட்டு வாடகை கொடுத்துக்கொண்டு ஒரு யூனிட்டில் உதவியாளராக இரு.

மூன்றாவது வழியும் உண்டு. கே.வி. ஆனந்த் பத்திரிகைகளுக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். பிறகு பி.சி.யிடம் உதவியாளர். ஒளிப்பதிவாளராகச் செய்த முதல் படத்துக்கே தேசிய விருது, 1994-ஆம் ஆண்டின் ஒரு மலையாளப் படம். பத்திரிகைப் படம் எடுத்த கை சட்டென்று சட்டகம் பிடிக்கும். அந்தப் பழக்கத்தை வகுப்பில் வாங்க முடியாது.

19 மார்ச் 2023

காசு. இதை யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

முன்பணம் பாதி வராமல் கேமராப் பெட்டியை இறக்காதே. “படம் ரிலீஸ் ஆனதும் தர்றேன்” என்றால் அந்தப் படத்தில் நீயும் ஒரு தயாரிப்பாளர், உன் பெயர் மட்டும் போஸ்டரில் வராது. எனக்கு ஒரு நிறுவனம் இன்னும் பாக்கி வைத்திருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. அவர்களின் கணக்காளருக்கு நான் பொங்கல் வாழ்த்தும் தீபாவளி வாழ்த்தும் தவறாமல் அனுப்புகிறேன், அவரும் தவறாமல் பதில் வாழ்த்து அனுப்புகிறார்.

பேசியதை வாட்ஸப்பிலாவது எழுதி வாங்கு: எத்தனை நாள், ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம், இரவு தாண்டினால் என்ன, ரத்தானால் என்ன, சென்னைக்கு வெளியே என்றால் பயணம் யார் தலையில்.

நிறுவனங்கள் பணம் தரும்போது வருமான வரி என்று சொல்லிப் பத்து சதவீதம் பிடிப்பார்கள், வருடத்துக்கு ஒரு வரம்பைத் தாண்டினால். பிடித்தது போனது என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். ரிட்டர்ன் போட்டால் உன் வரிக்கு மேல் பிடித்தது திரும்பி வரும். 2023 நிலவரப்படி வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வந்த தொகையில் பாதியை வருமானம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம், 50 லட்சம் வரை. திரைக் கலைஞர்கள் பட்டியலில் கேமராமேனும் இருக்கிறார். அரசாங்கம் நம்மைக் கலைஞன் என்று ஒத்துக்கொண்ட இடம் அது ஒன்றுதான்.

20 மார்ச் 2023

ஆடிட்டர் நண்பர் ஒருவர் மேலே சேர்த்திருப்பது முக்கியம். 44ஏடிஏ-வில் போனால் வாடகை, பெட்ரோல், கேமராத் தேய்மானம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் அந்தப் பாதிக்குள் அடக்கம். 2023 பட்ஜெட்டில் ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பை 75 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். 75 லட்சம் வாங்கும் ஒளிப்பதிவாளர் இந்த இழையைப் படிக்கிறார் என்றால் எனக்கு ஒரு வேலை தரவும்.

2 ஏப்ரல் 2023

“ரிசப்ஷன் வீடியோவில் எல்.இ.டி. திரை கோடு கோடாக ஓடுகிறது, கேமரா கோளாறா?” கேமரா பாவம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 24 ஃப்ரேமில் ஷட்டரை, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, 180 டிகிரியில் வைத்தால் 1/48 நொடி. மட்டமான டியூப் லைட், சீரியல் லைட் எல்லாம் அதில் மினுக்கும். 1/50 வை. டிகிரியில் கேட்கும் கேமராவாக இருந்தால் 172.8. எல்.இ.டி. சுவருக்குத் தனி வேகம் இருக்கும், அதற்கு ஷட்டரைச் சின்னச் சின்னதாக மாற்றிக் கோடு நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். மேடைக்காரரிடம் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லாதே. பல சுவர்களில் குறைத்தால் மினுக்கல் கூடும்.

இதோடு ஒன்று. பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் உணர்திறன்) 800-இல், 1/50 ஷட்டரில், லென்ஸ் துளையை எஃப் 2.8-க்குத் திறந்து எடுக்க ஆசைப்பட்டால் ஒன்பது ஸ்டாப் வெளிச்சத்தை வெட்ட வேண்டும், ஒரு ஸ்டாப் என்றால் பாதி. 512-இல் ஒரு பங்குதான் உள்ளே வரும். அப்படி வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் எஃப்.எக்ஸ்.3-க்குள் கிடையாது. வாங்குவதற்கு முன் யாரும் இதைச் சொல்வதில்லை.

15 மே 2023

தங்கை ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள், பொதுவிலேயே எழுதச் சம்மதித்தாள்: பெண்கள் இதில் இருக்க முடியுமா?

பி.ஆர். விஜயலட்சுமி 1985-இலேயே தனியாகத் தமிழ்ப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்துவிட்டார். அதற்கு முன் அசோக் குமாரிடம் உதவியாளர். எனவே முடியுமா என்ற கேள்வி முடிந்துபோய் நாளாயிற்று.

உண்மையான தொல்லை கழிவறை. கேரவன் வராத சின்ன யூனிட்டில், பொட்டல் காட்டில், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. தண்ணீர் குடிக்காமல் சமாளித்துச் சமாளித்துச் சிறுநீரகத் தொற்று வந்த பெண்களை எனக்குத் தெரியும். லொகேஷன் பார்க்கப் போகும்போதே பக்கத்து வீட்டு அம்மாவைப் பழக்கம் பிடித்துக்கொள்வேன். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் வெட்கப்படாமல் கேட்பேன். கேட்ட பிறகுதான் தெரிகிறது, மேக்கப் அக்கா, காஸ்ட்யூம் தங்கை எல்லாரும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார்கள்.

கனம் தூக்க முடியுமா என்பது சும்மா கேள்வி. கல்யாணத்தில் மணப்பெண் அறைக்குள் அலங்காரம் எடுக்கப் பெண்தான் வேண்டும் என்று வீடுகளே கேட்கின்றன. அந்த வேலை எனக்குப் பல மாதம் வாடகை கட்டியிருக்கிறது.

16 மே 2023

மணப்பெண் அறை என்றதும் ஞாபகம். பெண்ணின் அத்தை வந்து காதில் சொல்வார், “கொஞ்சம் வெளுப்பா காட்டிடும்மா.” அதற்காக எக்ஸ்போஷரை ஏற்றினால் பட்டுப்புடவையின் ஜரிகையும் மல்லிகையும் வெந்துபோகும், முகம் சாம்பல் பூசினாற்போல் ஆகும். கறுத்த தோலுக்கு வெளிச்சத்தின் அளவைக் கூட்டுவதைவிட அதன் பரப்பைக் கூட்ட வேண்டும். ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டு, அல்லது பெரிய வெள்ளைத் துணியில் லைட்டைத் திருப்பி விடு, பக்கவாட்டில் வை. அந்த வெண்மை கன்னத்து எலும்பின் மேல் பளபளப்பாக உட்காரும், நிறம் நிறமாகவே இருக்கும். எடுத்த படத்தை அத்தையிடம் காட்டுவேன். “நல்லாத்தான் இருக்கு” என்பார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பெண் ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கி அதை ஸ்டேட்டஸில் வைத்துவிடுவாள்.

9 ஜூலை 2023

“எதையுமே வாங்கக் கூடாதா அக்கா?” மார்ச்சில் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். வேலை வர ஆரம்பித்து, ஒரே கேமராவை மாதத்தில் பாதி நாள் வாடகைக்கு எடுக்கிறாய் என்றால் வாங்கு, கணக்கு சரியாக வரும். அதற்கு முன் வாங்க வேண்டியவை: தோல் கையுறை (சூடான லைட்டைத் தொட), வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் ஒன்று, பழையது, கறுப்புத் துணி பத்து மீட்டர், துணிக் கடையிலேயே கிடைக்கும். ஒரே ஒரு எல்.இ.டி. லைட், விலை குறைந்தது. அதை வைத்து ராத்திரி வீட்டில் யாரையாவது உட்கார வைத்துப் பார். லைட்டை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் கால் பங்காகும் என்பதைப் படித்து மனப்பாடம் செய்யாதே, சுவரில் பார். என் மாமாவைத்தான் நான் உட்கார வைத்தேன். தூங்கிவிடுவார், அசைய மாட்டார், அருமையான மாடல்.

27 ஆகஸ்ட் 2023

திண்டுக்கல் தம்பி சனி ஞாயிறுகளில் ஒரு யூனிட்டோடு போகிறானாம். டேட்டா, அதாவது எடுத்த காட்சிகள் இருக்கும் கார்டுகள், அவன் பொறுப்பில் விட்டிருக்கிறார்களாம், பயமாக இருக்கிறது என்கிறான். பயப்படு, நல்லது. இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏறி, இரண்டிலும் திறந்து ஓட்டிப் பார்க்காமல் கார்டை அழிக்காதே. அழிக்கும் வேலையை நீ ஒருத்தன் மட்டும் செய், யார் அவசரப்படுத்தினாலும், இயக்குநரே வந்தாலும். இரண்டு டிஸ்கும் ஒரே வண்டியில் போகக் கூடாது. எங்கள் யூனிட்டில் ஷூட் ஆன கார்டுக்குச் சிவப்பு டேப், அழிக்கலாம் என்றால் பச்சை. சில யூனிட்டில் இது தலைகீழாக இருக்கும், போனதும் முதல் வேலையாகக் கேட்டுக்கொள்.